வெள்ளி ரூபாய்: தராசா, லென்ஸா?

பீரோவின் அடித்தட்டிலும் பூஜை அறைப் பெட்டியிலும் கிடக்கும் பழைய வெள்ளி ரூபாய்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும். வெள்ளி விலை தினமும் மாறுவதால், கணக்கு காட்டும் இடங்களில் கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். விற்கப் போகும் நாளின் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களிடம் ஜார்ஜ், எட்வர்ட் தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் 40 இருக்கின்றன. நகைக்கடையில் கேட்டால், "பழைய காசும்மா, 80 டச்சுக்கு மேல் போட முடியாது" என்கிறார்கள். அது சரியா? (கரூர் வாசகி)

சரியில்லை. டச் என்றால் நூற்றில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு. 1835 முதல் 1939 வரை பிரிட்டிஷ் இந்திய ரூபாயில் 12-க்கு 11 பங்கு வெள்ளி, மீதி செம்பு. அதாவது 91.67 சதவீதம். கடைக்காரருக்குப் பழகிய கணக்கில் சொன்னால், 916 தங்கத்தில் தங்கம் எவ்வளவோ அவ்வளவு வெள்ளி இதில் இருக்கிறது. முழு எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். இதுவே ஒரு தோலா. சித்த மருந்துக் குறிப்புகளில் "ஒரு ரூபாய் எடை" என்று வருவதும் இந்த எடைதான்.

சுத்த வெள்ளி என்று பார்த்தால் ஒரு ரூபாயில் 10.69 கிராம், அரை ரூபாயில் 5.34, கால் ரூபாயில் 2.67, வெள்ளி இரண்டணாவில் 1.34 கிராம். இவை தேயாத காசுக்கான கணக்கு. கைமாறித் தேய்ந்தவை எடை குறைந்திருக்கும். எடையில் 2 சதவீதத்துக்கு மேல் தேய்ந்த ரூபாய் அந்தக் காலச் சட்டப்படி செல்லாது. எனவே நன்றாகப் புழங்கிய காசும் பெரும்பாலும் 11.4 கிராமுக்குக் கீழே போவதில்லை.

உங்கள் 40 காசும் சேர்ந்து 460 கிராம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.9167-ஆல் பெருக்கினால் சுத்த வெள்ளி 421.7 கிராம், 42,170 ரூபாய். அதையே 80 டச்சுக்குப் போட்டால் 368 கிராம், 36,800 ரூபாய். ஒரே வார்த்தையில் 5,370 ரூபாய் போய்விடுகிறது. உருக்கிச் சுத்தம் செய்யும் செலவுக்கும் லாபத்துக்கும் கடைக்காரர் ஒரு பங்கு கழிப்பது இயல்புதான். அதை இத்தனை சதவீதம் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கழிக்கட்டும். டச்சைக் குறைத்து அதற்குள் மறைத்துக் கழிப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒவ்வொரு காசையும் தனித்தனியாக நிறுத்து எழுதிவையுங்கள். 11.2-க்குக் கீழே நிற்பதையும் 11.75-க்கு மேலே நிற்பதையும் தனியே ஒதுக்குங்கள். முன்னது ஓரம் அராவப்பட்டதாகவோ போலியாகவோ இருக்கலாம். பின்னதில் சந்தேகம் இன்னும் அதிகம், ஏனென்றால் காசு புழங்கப் புழங்கக் குறையுமே தவிர கூடாது.

கேள்வி: எந்த ஆண்டுக் காசை எடைக்குப் போடலாம், எதைப் போடக்கூடாது? ஒரு பட்டியல் கொடுங்களேன். (திருநெல்வேலி வாசகர்)

பட்டியலைவிடக் காரணம் தெரிந்திருந்தால் நல்லது, அப்போது மறக்காது. தலையை வைத்து முதலில் குவியலாகப் பிரியுங்கள்.

பெரிய குவியல் ஐந்தாம் ஜார்ஜ் தலையாகத்தான் இருக்கும். அதிலும் 1916 முதல் 1920 வரை. முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து போன சரக்குக்கும் படைக்கும் வெள்ளியாகக் கொடுக்க வேண்டியிருந்தது; ரூபாய் போதவில்லை. அமெரிக்கா 1918-ல் பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, தன் கருவூலத்தில் கிடந்த வெள்ளி டாலர்களில் 27 கோடியை உருக்கியது. அதில் சுமார் 25.9 கோடி டாலரின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, இந்திய ரூபாய்க்காக இங்கே வந்தது. 1918, 1919 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 20 கோடிக்கு மேல் ரூபாய் அடித்தன. இவ்வளவு அடித்த காசு, நூறு வருடம் ஆனது என்பதற்காக மட்டும் அரிதாகிவிடாது. தேய்ந்த 1918 ரூபாயின் விலை வெள்ளி விலைதான்.

அதே ஜார்ஜ் குவியலில் 1911 இருந்தால் எடுத்துத் தனியே வையுங்கள். அரசரின் அங்கியில் உள்ள சங்கிலியில் ஒரு யானை தொங்கும். 1911-ல் அந்த யானையின் தும்பிக்கையும் காலும் குட்டையாக விழுந்து, பார்ப்பவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதால் காசைத் திரும்பப் பெற்று, 1912-ல் யானையைத் திருத்தி அடித்தார்கள். சேகரிப்பவர்கள் இன்றும் "பன்றி ரூபாய்" என்றே கேட்டு வாங்குகிறார்கள். 1911 அரை ரூபாய்க்கும் கால் ரூபாய்க்கும் இதே கதைதான். 1921, 1922 இரண்டும் குறைவாக அடிக்கப்பட்டவை, அவற்றையும் ஒதுக்குங்கள். 1922-க்குப் பிறகு பல வருடங்கள் ரூபாய் அடிக்கும் வேலையே நடக்கவில்லை; அரை, கால் ரூபாய்கள் மட்டும் வந்தன. ஆகவே 1920-களின் பிற்பகுதி தேதியுடன் ஒரு முழு ரூபாய் உங்கள் கையில் இருந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

எட்வர்ட் தலையில் 1903 முதல் 1907 வரை தாராளம். 1908, 1909, 1910-ல் எண்ணிக்கை இறங்கியது. நல்ல நிலையில் இருந்தால் மட்டும் அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் கிடைக்கும்.

விக்டோரியாவில் இரண்டு வகை: 1876 வரை "விக்டோரியா குயின்", 1877 முதல் "விக்டோரியா எம்ப்ரஸ்". எம்ப்ரஸ் காசுகளில் பெரும்பாலானவை சாதாரணம். ஆனால் 1893-ல், தனியார் வெள்ளியைக் கொண்டுவந்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. அதன் பிறகு சில ஆண்டுகள் நாணயச்சாலையில் வேலை குறைந்து கிடந்தது. அதனால் 1894-லிருந்து 1899 வரை எந்தத் தேதி கண்ணில் பட்டாலும் தனியே வையுங்கள். 1900, 1901-ல் மறுபடி கோடிக்கணக்கில் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

குயின் வகையில் 1862 ஒரு தனி உலகம். அந்தத் தேதியை மாற்றாமலே 1874-க்கு முன்வரை அடித்துக்கொண்டிருந்தார்கள். பம்பாயில் அடித்தவற்றில் தேதியின் கீழும் மேலும் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள் இருக்கும். அவற்றை எண்ணி, உண்மையில் எந்த வருடம் அடித்தது என்று கணக்கிடுவார்கள். சாதாரண 1862 வெள்ளி விலைக்குச் சற்று மேலே போகும். அரிய புள்ளிக் கணக்கு அமைந்தால் விலையே வேறு. எனவே 1862-ஐ எண்ணாமல் விற்காதீர்கள். 1874, 1875, 1876 தேதியுள்ளவையும் தேய்ந்திருந்தாலும் ஒதுக்கத் தகுந்தவை. 1840 விக்டோரியாவிலும் 1835 வில்லியத்திலும் கழுத்து வெட்டில் உள்ள சிறு எழுத்தைப் பொறுத்து வகைகள் பிரியும். இவற்றை ஒருபோதும் எடைக் குவியலில் கலக்க வேண்டாம்.

ஆறாம் ஜார்ஜ் தலையில் 1938 உண்டு, 1939 உண்டு. 1939-ஐப் பற்றிக் கீழே தனிக் கேள்வி வருகிறது.

கேள்வி: என்னிடம் இருப்பதும் 1918, ஏலத்தில் பல மடங்கு விலைக்குப் போனதும் 1918. எங்கே வித்தியாசம்? (கோவை வாசகர்)

நிலையில். சாதாரண ஆண்டுக் காசுக்கு வெள்ளிக்கு மேல் விலை வர அது ஒன்றுதான் வழி. அதுவும் "நல்லா இருக்கு" என்ற அளவு போதாது. புழக்கத்துக்கே போகாத காசாக இருக்க வேண்டும்.

பார்க்கும் முறை இது. 10 மடங்கு லென்ஸ் ஒன்று, மேலிருந்து விழும் ஒற்றை விளக்கு. குழல் விளக்கு வேண்டாம். அது தேய்வை மறைத்துவிடும். காசின் ஓரத்தை மட்டும் இரு விரலால் பிடித்து, வெளிச்சத்தின் கீழ் மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சிலிருந்து வந்த பளபளப்பு கெடாத காசில் ஒளி ஒரு பட்டையாக மையத்தைச் சுற்றி ஓடும். அப்படி ஓடாமல் காசு முழுக்க ஒரே மாதிரி மினுங்கினால் அது பாலிஷ் செய்யப்பட்ட காசு. மேடான இடங்களில் மட்டும் பட்டை அறுந்து சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது புழங்கிய காசு.

ஐந்தாம் ஜார்ஜில் முதலில் தேய்வது கிரீடத்தின் மணிகளும் காதும் புருவமும் மார்பில் உள்ள யானையும். யானையின் உடல் வழுவழுவென்று ஒரு மேடாக மட்டும் இருந்தால் அது வெள்ளி விலைக் காசு. எட்வர்ட் தலையில் கிரீடம் இல்லை. காதுக்கு மேலுள்ள முடி சீக்கிரம் மழுங்கிவிடும். அதனால் முடி இழைகள் தெளிவாக உள்ள எட்வர்ட் காசு கிடைப்பது அரிது. விக்டோரியாவில் ஆடையின் பூவேலைப்பாட்டையும் கன்னத்தையும் பாருங்கள்.

வியாபாரிகள் விஎஃப் (ஓரளவு தேய்ந்தது), எக்ஸ்எஃப் (லேசாகத் தேய்ந்தது), ஏயூ (கிட்டத்தட்டப் புழங்காதது), யூஎன்சி (புழங்கவே புழங்காதது) என்று தரம் பிரிப்பார்கள். சாதாரண ஆண்டு ரூபாய் எக்ஸ்எஃப் வரைக்கும் பெரும்பாலும் வெள்ளி விலையை ஒட்டியே நகரும் என்பது எங்கள் கணிப்பு. ஏயூவில் விலை அசையத் தொடங்கும், யூஎன்சியில் எழும். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் தரம் குறித்து உறையிட்டுத் தரும். ஆனால் அதற்கான கட்டணமும் அனுப்பும் செலவும் காசின் விலையில் ஒரு சிறு பகுதியாக இருந்தால்தான் அனுப்புவதில் அர்த்தம் உண்டு. தேய்ந்த 1918-ஐ உறையிட்டால் உறைக்குக் கொடுத்த பணம் திரும்பாது.

விலைப் புத்தகத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அதில் உள்ளது கடைக்காரர் உங்களிடம் விற்கும் விலை. உங்களிடம் வாங்கும் விலை அதைவிட வெகுவாகக் குறையும். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையே அல்ல. ஏல நிறுவனங்கள் ஏலம் முடிந்த பிறகு வெளியிடும், உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். அதிலும் உங்கள் காசின் தரத்துக்கு எதிரே உள்ளதைப் பாருங்கள்.

கேள்வி: காசெல்லாம் கறுத்துப் போயிருக்கிறது. விபூதி போட்டுத் தேய்த்து விற்றால் விலை கூடுமா? (மதுரை வாசகி)

குறையும். குத்துவிளக்குக்கும் சந்தனக் கிண்ணத்துக்கும் விபூதி சரி. காசில் தேய்த்தால் ஆயிரம் மெல்லிய கீறல்கள் விழும். வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் லென்ஸில் வலை போலத் தெரியும். பல்பொடி, சபீனா, புளி, வெள்ளி பாலிஷ் எல்லாவற்றுக்கும் இதே விடைதான். அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் சேர்த்து முக்கினால் கீறல் விழாது, கறுப்பும் போய்விடும். ஆனால் அந்தக் கறுப்பு காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான படலம். இயல்பாக, சமமாகப் படிந்த படலத்தை வாங்குபவர்கள் விரும்புகிறார்கள். காசு தொடப்படவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதை நீக்கினால் உயிரில்லாத வெளுப்புதான் மிஞ்சும்.

செய்யலாம் என்றால் ஒன்றே ஒன்று. எண்ணெய்ப் பிசுக்கு, குங்குமம், பழைய ஆல்பத்தின் பச்சைப் பிசின் ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிச் சில நிமிடம் ஊறவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம். அதில் மணமும் எண்ணெயும் கலந்திருக்கும். சன்னல் திறந்திருக்கட்டும், அடுப்போ விளக்கோ பக்கத்தில் எரியக் கூடாது. பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசி, மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிவிசி உறையில் மறுபடி போடாதீர்கள். அது காலப்போக்கில் அமிலம் கசிந்து காசை அரிக்கும். மைலார் அல்லது பாலிபுரோப்பிலீன் உறை வாங்குங்கள்.

எடைக்குப் போடுவது என்று முடிவான காசை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். கறுப்பினால் எடைக்காரருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, அதைக் காட்டி அவர் விலையைக் குறைக்கவும் இடமில்லை.

கேள்வி: 1939 வெள்ளி ரூபாய் லட்சக்கணக்கில் போகும் என்கிறார்கள். ஒருவர் என்னிடம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். எப்படிச் சோதிப்பது? (சேலம் வாசகர்)

1939 ரூபாய் உண்மையிலேயே அரிது. அதனால்தான் போலியும் அதிகம். போலி மூன்று வழியில் வரும், மூன்றையும் ஒரே சோதனையில் பிடிக்க முடியாது.

முதல் வழி, நல்ல 1938 ரூபாயை எடுத்து, 8-ன் கீழ்வட்டத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டி 9 ஆக்குவது. எடை, வெள்ளி, ஓசை எல்லாம் சரியாக இருக்கும். லென்ஸ்தான் காட்டிக்கொடுக்கும். கடைசி இலக்கத்தைச் சுற்றியுள்ள தட்டைப் பரப்பை மற்ற மூன்று இலக்கங்களைச் சுற்றியுள்ள பரப்போடு ஒப்பிடுங்கள். சுரண்டிய இடத்தில் பரப்பு கொஞ்சம் பள்ளமாகவோ, நிறம் மாறியோ, கீறலோடோ இருக்கும். விளக்கை மிகத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, வார்ப்பு. நல்ல காசை அச்சாக வைத்து ஊற்றுவது. எழுத்தின் விளிம்பு கூர்மையில்லாமல் சோப்பு கரைந்தாற்போல இருக்கும். பரப்பில் ஊசிமுனைத் துளைகள் தெரியும். ஓரத்து வரிகளுக்குக் குறுக்கே ஒரு தையல் கோடு ஓடும், அல்லது அதை அராவிய தடம் இருக்கும்.

மூன்றாவது, ஜெர்மன் சில்வரில் (பெயரில்தான் வெள்ளி; உண்மையில் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) அச்சடித்து மேலே வெள்ளி பூசுவது. காந்தத்தில் ஒட்டாது என்பதால் பலர் இதில் ஏமாறுகிறார்கள். செம்பும் பித்தளையும் ஜெர்மன் சில்வரும்கூடக் காந்தத்தில் ஒட்டாது. இதைப் பிடிக்கத் தண்ணீர் போதும்.

0.01 கிராம் வரை காட்டும் மின் தராசு ஒன்று வேண்டும். முதலில் காசை உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்து, ஒரு சொட்டுப் பாத்திர சோப்புத் திரவம் விட்டுக் கலக்கி, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுவதும் மூழ்கும்படி கையால் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் காசின் பருமன். உலர் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 916 வெள்ளிக்கு 10.3 வர வேண்டும், அதாவது 11.66 கிராம் காசுக்குத் தராசில் 1.13 தெரிய வேண்டும். பாதி வெள்ளிக் காசு என்றால் 1.22 அளவில் காட்டும். ஜெர்மன் சில்வர் என்றால் 1.35-ஐ ஒட்டி நிற்கும். சோப்பு எதற்கென்றால், காசின் மேல் ஒட்டும் காற்றுக்குமிழி பருமனைக் கூட்டிக் காட்டி, நல்ல காசையும் போலியாக்கிவிடும். மூன்று முறை செய்து ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

நகைக்கடைகளில் உள்ள எக்ஸ்ரே சோதனைக் கருவி காசைக் கெடுக்காது, நல்லதுதான். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். தடித்த வெள்ளிப் பூச்சு இருந்தால் பூச்சைத்தான் படிக்கும். தண்ணீர்ச் சோதனை உள்ளே இருப்பதையும் சேர்த்தே நிறுக்கும். உரைகல்லில் உரசவோ, அமிலம் வைக்கவோ, உளியால் வெட்டிப் பார்க்கவோ விடாதீர்கள். வெட்டு விழுந்த காசுக்கு வெள்ளி விலை மட்டுந்தான்.

விற்பவர் லென்ஸ் வைத்துப் பார்க்கக்கூட விடாமல் அவசரப்படுத்தினால், சோதனை எதுவும் தேவையில்லை. வாங்காதீர்கள்.

கேள்வி: 1943, 1945 ரூபாய்களும் 1947 புலி ரூபாயும் இருக்கின்றன. "இது வெள்ளியே இல்லை" என்கிறார் எடைக்காரர். (தஞ்சாவூர் வாசகர்)

புலியைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. 1947 ரூபாய் நிக்கல். காந்தத்தை அருகில் கொண்டுபோனாலே தாவி ஒட்டும்.

1940 முதல் 1945 வரையுள்ளவை வெள்ளிதான், ஆனால் பாதி: 50 சதவீதம் வெள்ளி, 40 செம்பு, நிக்கலும் துத்தநாகமும் தலா 5. எடை அதே 11.66 என்பதால் சுத்த வெள்ளி 5.83 கிராம். இரண்டாம் உலகப் போரில் வெள்ளித் தட்டுப்பாட்டால் வந்த மாற்றம் இது. அடையாளம் ஓரத்தில் இருக்கிறது: வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளமும் அதற்குள் வேலைப்பாடும் தெரியும். இவை தேயத் தேயச் செம்பு நிறம் தட்டும். எடைக்காரர் அதைப் பார்த்துத்தான் மிரள்கிறார். லாகூரில் அடித்தவற்றில் மிகச் சிறிய 'எல்' எழுத்து இருக்கும், தேடிப் பாருங்கள். பொதுவாக இந்த வகைக்கு வெள்ளி விலைக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மிக முக்கியம், இவற்றை 916 காசுகளோடு கலந்து எடை போடாதீர்கள். கலந்தால் மொத்தக் குவியலுக்கும் குறைந்த டச்தான் விழும்.

சுதந்திர இந்தியாவின் 1969 காந்தி 10 ரூபாயை இதே பெட்டியில் பலர் வைத்திருப்பார்கள். அது 15 கிராம், 80 சதவீத வெள்ளி, ஆக 12 கிராம் சுத்தம். 1972 வெள்ளிவிழா 10 ரூபாய் 22.5 கிராம், பாதி வெள்ளி. காந்தி ஒரு ரூபாய் வெறும் நிக்கல்.

கேள்வி: காசுமாலையில் இருந்த ரூபாய்கள், மேலே வளையம் பற்றவைத்தவை. வளையத்தை எடுத்துவிட்டால்? (காரைக்குடி வாசகி)

எடுத்தாலும் பற்று வைத்த தடம் போகாது. ஓர வரிகள் அந்த இடத்தில் உருகி மூடியிருக்கும். எடைக்குத்தான். வளையத்தோடும் பற்றோடும் சேர்த்து நிறுத்தால் டச் குறையும் என்பதால், கடைக்காரர் எதிரிலேயே வளையத்தை வெட்டித் தனியே நிறுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஆண்டைப் பார்த்துவிடுங்கள். பன்றி ரூபாய்க்கும் 1862-ன் அரிய புள்ளி வகைக்கும் வளையத் தடத்தோடுகூட ஆள் இருக்கும்.

கேள்வி: தாத்தா மலேயாவிலும் இலங்கையிலும் இருந்தவர். அங்கத்திய வெள்ளிக் காசுகளும் உண்டு. அவற்றுக்கும் 916 கணக்கா? (புதுக்கோட்டை வாசகர்)

இல்லை, ஆண்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் டாலர் 1903, 1904 என்றால் 26.95 கிராம், 90 சதவீதம். 1907 முதல் 1909 வரை 20.21 கிராம், அதே 90. 1919, 1920 என்றால் 16.85 கிராமாகச் சிறுத்து 50 சதவீதமாகிவிட்டது. மூன்றும் அளவிலேயே வித்தியாசம் தெரியும். பிரிட்டானியா நிற்கும் வாணிப டாலரும் 26.95 கிராம், 90 சதவீதம். அதில் நம் பம்பாய் நாணயச்சாலையில் அடித்ததே அதிகம், போலியும் மலிந்த வகை. தண்ணீர்ச் சோதனை செய்யாமல் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். இலங்கை 50, 25, 10 சதக் காசுகள் 1892 முதல் 1917 வரை 80 சதவீதம், 1919 முதல் 55 சதவீதம்.

திருவாங்கூர், ஹைதராபாத், புதுச்சேரிப் பணம், போர்ச்சுகீசிய ரூபியா, பாரசீக எழுத்துள்ள ஆற்காட்டு ரூபாய் போன்றவை கலந்திருந்தால் எடைக்குப் போடவே வேண்டாம். இவற்றைத் தேடுபவர்கள் எப்போதும் உண்டு.

கேள்வி: 1818 தேதியிட்ட, ராமர் பட்டாபிஷேகம் பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு? (விழுப்புரம் வாசகர்)

கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. 1616, 1717, 1818, 1839 என்று தேதி போட்டு அனுமார், லட்சுமி, ராமர் உருவத்தோடு வருபவையெல்லாம் பின்னால் செய்த பூஜை வில்லைகள். "அரிசியை இழுக்கும்" என்று சொல்லி முன்பணம் கேட்பவர்களைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, பழைய காசு விற்றுத்தரக் கமிஷனோ வரியோ கேட்டாலும் மோசடிதான். தாங்கள் இத்தகைய வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை, கட்டணம் கேட்பதும் இல்லை என்று அந்த வங்கியே 2021-ல் அறிவித்திருக்கிறது.

கேள்வி: வெள்ளி விலை ஏறும்போது பழங்காசின் மதிப்பும் சேர்ந்து ஏறுமா? இப்போது விற்கலாமா? (சென்னை வாசகர்)

சாதாரணக் காசில் இரண்டும் சேர்ந்து ஏறாது. ஒரு தேய்ந்த காசிலுள்ள வெள்ளியின் விலை 600 ரூபாயாக இருக்கும்போது சேகரிப்பவர் அந்தக் காசை 800-க்கு வாங்குகிறார் என்று வையுங்கள். அந்த வெள்ளியின் விலை 1,070 ஆனதும் அவர் 1,270 கொடுப்பதில்லை, 1,100-க்குக் கேட்பார். வெள்ளி ஏற ஏற மேல்விலை கரைந்துகொண்டே வரும், ஒரு கட்டத்தில் காணாமல் போகும். 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது, சேகரிப்பில் இருந்த சாதாரணக் காசுகள்கூட உலகெங்கும் உலைக்குப் போயின. அரிய காசின் விலை இதோடு கட்டுப்பட்டதல்ல.

எனவே விலை உயர்ந்திருக்கும் நாள், சாதாரணக் குவியலை விற்க நல்ல நாள். வாங்க நல்ல நாளல்ல. விலை இறங்கியிருக்கும்போது சாதாரணக் காசை எடைக்காரரைவிட நாணய வியாபாரியிடம் விற்பது நல்லது. ஒதுக்கி வைத்தவற்றை மட்டும், குறைந்தது இரண்டு வியாபாரிகளிடமாவது தனித்தனியாகக் காட்டி விலை கேளுங்கள். மொத்தக் குவியலையும் மேசையில் கொட்டி "எல்லாம் சேர்த்து என்ன தருவீர்கள்" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் வரும் விலை எடை விலையாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டில் அதிக விலை கிடைக்கும் என்று தபாலில் அனுப்பிவிடவும் வேண்டாம். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள்; தனிநபர் ஏற்றுமதி செய்யக் கூடாது. 1922 ரூபாய் வரை எல்லாமே இப்போது இந்த வரம்புக்குள் வந்துவிட்டன.

கேள்வி: வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது ஒரு சொம்பு நிறைய ரூபாய் கிடைத்தால்? (அரியலூர் வாசகர்)

அது உங்கள் மனையாக இருந்தாலும் 1878-ம் ஆண்டின் புதையல் சட்டத்துக்குள் வரும். மண்ணில் புதைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்: என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில், மதிப்பு சுமாராக எவ்வளவு என்று. மறைத்தால் உங்களுக்கு வரவேண்டிய பங்கும் போகும், தண்டனையும் உண்டு. காசைக் கழுவாமல், சொம்போடு அப்படியே ஒப்படையுங்கள்.